தூக்கத்தில் ஏறிய கப்பல்

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை நான் சாங்கியில் படகு ஏறி புலாவ் தெக்கோங் போகணும். சிங்கப்பூரில் என் வயதுப் பையன் யாரிடமும் இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. மொட்டை, துப்பாக்கி, மொத்தம் இரண்டு வருடம். அதற்குப் பிறகும் 40 வயதுவரை, அதிகாரி ஆகிவிட்டால் 50 வரை, கூப்பிடும்போதெல்லாம் போக வேண்டும். 1967-லிருந்தே தேசிய சேவை இங்கே கட்டாயம்.

பயமா என்று கேட்கிறார்கள். பயம்தான். ஆனால் தூக்கத்தைக் கெடுப்பது வேறு ஒரு கேள்வி. இந்தக் கடமை என்னுடையதா?

நான் பிறந்தது தஞ்சாவூரில். வேலைக்காக இங்கே வந்த அப்பா குடும்பத்தோடு நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பித்தார். முதல் தலைமுறை என்பதால் அவருக்குத் தேசிய சேவை கிடையாது. அவர் வழியாக நிரந்தரவாசி ஆன எனக்கு உண்டு. போன வாரம் கேட்டே விட்டேன்.

“நீங்க கையெழுத்துப் போட்டீங்க, நான் போறேன். இது என்னப்பா நியாயம்?”

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. “அப்ப உனக்கு மூணு வயசுடா. உன்னக் கேட்டா போட முடியும்?”

அதுதானே பிரச்சினை. கேட்கப்படாமல் வந்த ஒன்று எப்படிக் கடமையாகும்?

இதற்குப் பழைய பதில் ஒன்று உண்டு. பிளேட்டோவின் ‘கிரிட்டோ’வில், சிறையிலிருந்து தப்பிக்க மறுக்கும் சாக்ரடீஸிடம் ஏதென்ஸின் சட்டங்களே பேசுவதுபோல ஓர் இடம் வரும். உன்னை வளர்த்தோம், பிடிக்காவிட்டால் போயிருக்கலாம், போகவில்லை, ஆகவே சம்மதித்துவிட்டாய் என்கின்றன சட்டங்கள். 1748-ல் டேவிட் ஹியூம் இந்த மாதிரி வாதத்தைத் திருப்பிக் கேட்டார். தூங்கும்போது ஒருவனைக் கப்பலில் தூக்கிப் போட்டுவிட்டார்கள். விழித்த பிறகு, நீ இங்கேயே இருப்பதால் மாலுமியின் அதிகாரத்தை ஏற்றுக்கொண்டாய் என்றால் எப்படி? இறங்குவது என்றால் அவன் கடலில்தான் குதிக்கணும்.

என் கதை அதுதான். நானும் ‘இறங்கலாம்’. சேவை செய்யாமல் நிரந்தரவாசத்தைத் துறந்தால், பின்னால் இங்கே படிக்கவோ வேலை பார்க்கவோ விண்ணப்பிக்கும்போது அது எனக்கு எதிராக நிற்கும். பதினைந்து வருடம் வாழ்ந்த ஊர் அத்தோடு போச்சு. ஹியூம் பக்கம்தான் நியாயம் என்று பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதை அசைத்தது தாத்தா சொல்லும் ஒரு விஷயம். ஏரிக்கரை உடைந்தால் வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு போகணும். குடிமராமத்து. நீ இந்த ஊரில் பிறக்கச் சம்மதித்தாயா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. தண்ணீர் உன் வயலுக்கும் பாய்ந்திருக்கிறது, இன்று உன் முறை, அவ்வளவுதான். கப்பலில் மாலுமியும் நானும் மட்டும் இல்லை என்பதை ஹியூமைப் படித்த வேகத்தில் மறந்திருந்தேன். எங்கள் புளோக்கின் மூன்றாம் மாடி அண்ணன் காட்டில் மழையில் நனைந்த ராத்திரிகளில் நான் ஏசி அறையில் பரீட்சைக்குப் படித்தேன். அவரையும் யாரும் கேட்கவில்லை. நான் போகாவிட்டால் ஏமாற்றுவது அரசாங்கத்தை மட்டும் இல்லை, அவரையும்தான். ‘முறை’ என்ற சொல்லுக்கு வரிசை என்றும் நியாயம் என்றும் தமிழில் இரண்டு பொருளும் இருப்பது சும்மா இல்லை.

ஆனால் ஏரிக்கரையில் கையில் மண்வெட்டிதான் கொடுப்பார்கள். எனக்குத் துப்பாக்கி கொடுக்கப் போகிறார்கள். கொல்ல மாட்டேன் என்று மனசாட்சி சொன்னால் அதற்கு இங்கே சட்டத்தில் இடமில்லை. யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவின் பதிவை 1972-ல் ரத்து செய்தார்கள். அதன் உறுப்பினர்கள் தேசிய சேவையை மறுத்தது காரணம். இன்றும் அப்படி மறுக்கும் பையன்கள் ராணுவச் சிறைக்குப் போகிறார்கள். என் முறையைச் செய்யத் தயார். ஆனால் என் முறையோடு என் மனசாட்சியையும் சேர்த்து ஒப்படைக்கணுமா?

இங்கேயும் சாக்ரடீஸ்தான் வருகிறார், வேறு முகத்தோடு. பொட்டிடேயா, டேலியம், ஆம்ஃபிபோலிஸ் என்று மூன்று இடங்களில் ஏதென்ஸுக்காகப் படையில் நின்றவர் அவர். அதே மனிதரிடம், ஏதென்ஸை ஆண்ட முப்பது பேர், லியோன் என்பவரைக் கொல்வதற்காகப் பிடித்து வரச் சொன்னார்கள். கூட அனுப்பப்பட்ட நான்கு பேர் போனார்கள். சாக்ரடீஸ் பேசாமல் வீட்டுக்குப் போய்விட்டார். வரிசையில் நிற்பது ஒன்று, சொன்னதையெல்லாம் செய்வது வேறு. இரண்டையும் ஒரே ஆள் பிரித்துப் பார்த்திருக்கிறார். என் கால்களை, இரண்டு வருடத்தை, தூக்கத்தைக் கொடுக்கலாம். எது சரி என்று பார்க்கும் வேலையை மட்டும் கொடுக்க முடியாது.

சொல்வது சுலபம். ராணுவப் பயிற்சியின் நோக்கமே யோசிப்பதற்கு முன்னால் உடம்பு கீழ்ப்படிய வேண்டும் என்பதுதான். இரண்டு வருடம் கழித்து, வீட்டுக்குத் திரும்பி நடக்கும் அந்தக் கால் என்னிடம் மிச்சம் இருக்குமா? தெரியவில்லை. எனக்கு நிஜமான பயம் இதுதான்.

புறநானூற்றில் ஒக்கூர் மாசாத்தியார் பாடிய ஒரு தாய் உண்டு. போர்ப்பறை கேட்டதும் ஒரே மகனின் தலைக்கு எண்ணெய் தடவி, வேலைக் கையில் கொடுத்து அனுப்புகிறாள். பள்ளியில் அதை வீரம் என்று படித்தோம். அந்தப் பையன் என்ன நினைத்தான் என்று பாட்டில் இல்லை. யாரும் கேட்கவும் இல்லை.

நேற்று அம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள். “செவ்வாய்க்கிழமை மொட்டையடிக்கப் போறாங்கம்மா, எதுக்கு?” என்றேன். “அதுவரைக்கும் இருக்குல்ல, உக்காரு” என்றாள். உட்கார்ந்தேன். என்ன நினைக்கிறேன் என்று கேட்டாள். இதையெல்லாம் சொன்னேன்.