மறுத்துப் பேசிய மாணவரை மதித்தவர்



கப்பர்நாகூமில் நூற்றுவர் தலைவர் ஒருவர் ஆண்டவரிடம் வந்தார். அவர் இஸ்ரயேலர் அல்லர். ஆனாலும், நீர் ஒரு வார்த்தை சொன்னாலே என் பணியாளன் நலமடைவான் என்று நம்பினார். முதலில் எங்களோடு வந்து சேர், பிறகு பார்க்கலாம் என்று இயேசு சொல்லவில்லை. இஸ்ரயேலிலும் இத்தகைய நம்பிக்கையைக் கண்டதில்லை என்று, கூட்டத்தார் கேட்கும்படி அவரைப் பாராட்டினார். வெளியாள் என்று நினைக்கப்பட்டவரிடம் இருந்த நல்லதைக் கண்டார். கண்டதை வாய்விட்டுச் சொன்னார்.

இந்த மனம் ஓர் ஆசிரியருக்கு வாய்த்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் மண்ணின் மைந்தர் ஒருவரே சாட்சி.

1888 செப்டம்பர் 5 அன்று, தெலுங்கு பேசும் எளிய குடும்பத்தில், இந்தத் திருத்தணியில் பிறந்தவர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். திருப்பதியில் லுத்தரன் மிஷன் பள்ளி, வேலூரில் ஊரீசு கல்லூரி, பிறகு சென்னைக் கிறித்தவக் கல்லூரி என்று படித்தார். உறவினர் ஒருவர் படித்து முடித்த தத்துவப் புத்தகங்களைத் தந்ததால், செலவில்லாமல் படிக்கலாமென்று தத்துவத்தை எடுத்தார்.

தம் முன்னோரின் சமயத்தைக் கிறித்தவப் போதகர்கள் குறைகூறுவதைக் கேட்டு அவர் மனம் நொந்தார். வேதாந்தத்தில் அறநெறிக்கு இடமில்லை என்றார்கள். அதற்குப் பதிலாகவே தம் முதுகலை ஆய்வேட்டை எழுதினார். அவருடைய பேராசிரியர் ஆல்பிரட் ஜார்ஜ் ஹாக், ஸ்காட்லாந்திலிருந்து வந்த மறைப்பணியாளர். இதைப் படித்தால் அவர் மனம் கோணுமோ என்று மாணவர் அஞ்சினார்.

ஹாக் கோணவில்லை. மிகச் சிறந்த பணி என்று மெச்சினார். சிக்கலான வாதத்தையும் எளிதாகக் கையாளும் திறன் இவருக்கு உண்டு என்று நற்சான்று எழுதிக் கொடுத்தார். 1908-இல் அந்த ஆய்வேடு அச்சேறியபோது மாணவருக்கு வயது 20. அடுத்த ஆண்டே அவர் மாநிலக் கல்லூரியில் ஆசிரியரானார்.

பேராசிரியர் தம் விசுவாசத்தை விட்டுக்கொடுக்கவில்லை. மாணவரும் தம் சமயத்தை விடவில்லை. ஆனாலும் அங்கே ஓர் இளைஞரின் முதல் முயற்சி முளையிலேயே கிள்ளப்படவில்லை.

அந்த இளைஞரே பின்னர் மாணவர்கள் போற்றும் ஆசிரியரானார். 1921-இல் இராதாகிருஷ்ணன் மைசூரில் ஆசிரியப் பணியை விட்டுக் கல்கத்தாவுக்குப் புறப்பட்டபோது, அவருடைய மாணவர்கள் பூக்களால் அலங்கரித்த வண்டியில் அவரை அமர்த்தி, ரயில் நிலையம் வரை தாங்களே இழுத்துச் சென்றார்கள். 1962-இல் குடியரசுத் தலைவரான பிறகும், தம் பிறந்தநாளை ஆசிரியர் நாளாகக் கொண்டாடச் சொன்னார். உயர்ந்த பதவியிலும் அவர் தம்மை ஆசிரியராகவே எண்ணினார்.

அன்பானவர்களே, நம் பள்ளிகளில் தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளையும் தெலுங்கு பேசும் வீட்டுப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். பல சமயத்துப் பிள்ளைகளும் அங்கே படிக்கிறார்கள். அவர்களில் ஒருவர் எழுந்து, “நீங்க சொல்றது எனக்குச் சரின்னு படலை சார்” என்றால், ஆசிரியர்களே, அதை அகங்காரம் என்று எண்ணி உட்கார வைத்துவிடாதீர்கள். அவர் சொல்வதை முழுதும் கேளுங்கள். தவறு இருந்தால் பொறுமையாகத் திருத்துங்கள். நன்றாக யோசித்திருந்தால், மற்றப் பிள்ளைகள் முன்னிலையிலேயே பாராட்டுங்கள். பெற்றோரே, எதிர்த்துப் பேசும் உங்கள் மகனுக்கும் மகளுக்கும் இதையே செய்யுங்கள்.

நமக்கும் அப்படி ஓர் ஆசிரியர் இருந்திருப்பார். உயிரோடு இருந்தால், இந்த வாரமே அவரைத் தேடிச் சென்று நன்றி சொல்லுங்கள். இறைவனடி சேர்ந்திருந்தால், அவர் பெயரைச் சொல்லி இப்பலியில் மன்றாடுங்கள். அவர் நமக்குத் தந்த துணிவை, நம்மிடம் தயங்கி நிற்கும் இன்னொரு பிள்ளைக்குக் கொடுக்க ஆண்டவர் நமக்கு அருள் தருவாராக. ஆமென்.