மீந்த பொழுதின் படையல்

செஞ்சிக்கு வருகிறவர்களின் கண் முதலில் ராஜகிரிக் கோட்டை மேல்தான் போகும். 2025-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இந்தக் கோட்டையும் இடம்பெற்றது ஊருக்கே பெருமை. ஆனால் மனத்துக்கு ஏதாவது தேடி வருகிறவர், கோட்டையைப் பார்த்த கையோடு பேருந்து ஏறிவிட வேண்டாம். பக்கத்திலேயே போய்ப் பார்க்க வேண்டிய இடங்கள் இரண்டு உண்டு.

ஒன்று, சிறுகடம்பூரை ஒட்டியிருக்கும் திருநாதர்குன்று. பெரும்பாறை ஒன்றில் 24 சமணத் தீர்த்தங்கரர்களும் இரண்டு வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். சந்திரநந்தி என்ற ஆசிரியர் இங்கே 57 நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர் துறந்ததை ஒரு பழங்கல்வெட்டு சொல்கிறது. இளையபட்டாரர் என்பவர் 30 நாள் நோன்பு இருந்ததை இன்னொன்று சொல்கிறது. எல்லாவற்றையும் விட்டவர்களின் இடம் அது.

மற்றொன்று, பழைய செஞ்சி எனப்படும் மேலச்சேரியில் உள்ள திரௌபதி அம்மன் கோயில். வட தமிழகம் முழுக்கப் பரவியிருக்கும் திரௌபதி வழிபாட்டுக்கு இதுவே ஆதி இடம் என்பது அடியார்களின் நம்பிக்கை. இந்த வழிபாட்டை ஆராய்ந்த ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988-ல் வெளியிட்ட முதல் தொகுதியின் பெயரிலேயே செஞ்சி இருக்கிறது. எதையும் விட முடியாதவர்களின் இடம் இது. நிலம், கடன், பிள்ளைகளின் படிப்பு, மாட்டுக்குத் தீவனம் என எல்லாவற்றையும் சுமந்துகொண்டே அம்மனிடம் வருகிறவர்கள் இவர்கள்.

நம்மில் பெரும்பாலோர் இரண்டாவது வகை. வேலையை விட முடியாது. வேலையைத் தாண்டி நெஞ்சுக்குள் ஒன்று கூப்பிடுவதையும் விட முடியாது. இசையை நேசித்துக்கொண்டே வேறு தொழிலில் வாழ்நாளைக் கழிப்பவர்களுக்கு இந்த இழுபறி நன்றாகத் தெரியும். அவர்களுக்காகத்தான் இந்தச் சிந்தனை.

இந்தப் பக்கத்துத் திரௌபதி அம்மன் திருவிழாவில் பகலில் பாரதப் பிரசங்கம் நடக்கும், இரவில் கூத்து கட்டுவார்கள். கடைசியில் படுகளமும் தீமிதியும். கூத்து விடிய விடிய நடக்கும். ஆடுகிறவர்களுக்குப் பின்னால் மத்தளம், முகவீணை, தாளத்தோடு ஆர்மோனியப் பெட்டி வாசிக்கிறவரும் உட்கார்ந்திருப்பார். அவர் கையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். இடக்கை துருத்தியை ஒரே சீராக அசைத்துக்கொண்டிருக்கும். வலக்கை விரல்கள் கட்டைகளின் மேல் ஓடும். அந்த விரல்களில் காய்ப்பு ஏறியிருக்கும், நகக்கண்ணில் மண் ஒட்டியிருக்கும். கூத்துக் காலம் போக மற்ற மாதங்களில் மல்லாட்டை என்கிற நிலக்கடலைக் கொல்லையிலோ நெல் வயலிலோ உழைக்கிற கை அது. கர்ணன் அழும்போது அந்தப் பெட்டியும் அவனோடு சேர்ந்து இழையும். அதைக் கேட்கிற யாருக்கும், இது பொழுதுபோக்குக்கு வாசிக்கிற கை என்று தோன்றாது.

அந்தப் பெட்டிக்கும் ஒரு கதை உண்டு. 1842-ல் பாரிஸில் அலெக்சாண்டர் டெபேன் ஆர்மோனியத்துக்குக் காப்புரிமை பெற்றார். பியானோவின் கட்டை வரிசைதான் அதிலும் இருக்கிறது. இந்தியாவுக்கு வந்து, தரையில் உட்கார்ந்து ஒரு கையால் துருத்தி போட்டு வாசிக்கிற சின்னப் பெட்டியாக மாறியது. நம் கமகங்களுக்கு அது ஒத்துவராது என்று சொல்லி 1940-ல் அகில இந்திய வானொலி அதை விலக்கி வைத்தது. சுமார் 30 ஆண்டுகள் அந்தத் தடை நீடித்தது. வானொலி நிலையம் ஏற்காத அந்தக் காலத்திலும் அம்மன் சந்நிதி அதை ஏற்றுக்கொண்டது. கூத்து மேடையிலும் பஜனை மடத்திலும் அது ஒலித்துக்கொண்டே இருந்தது.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. சாமிக்குப் படைப்பது முதலில் எடுத்ததாக இருக்க வேண்டும் என்பது நம் வீட்டு வழக்கம். பொங்கினாலும் முதல் கரண்டி சாமிக்குத்தான். மீந்ததைப் படைக்க மாட்டோம். அப்படியானால், நாளெல்லாம் அலுவலகத்துக்கும் வயலுக்கும் வகுப்பறைக்கும் கொடுத்துவிட்டு, இரவு ஒன்பது மணிக்குக் களைத்த உடம்போடு கீபோர்டின் முன்னால் உட்காருகிறவர் தருவது என்ன? நாளின் மிச்சத்தைத்தானே? அது படையலாகுமா?

இந்தக் கேள்விக்கு நம் மரபு காளத்தி மலையில் எப்போதோ விடை சொல்லிவிட்டது. கண்ணப்பர் இறைவனுக்குக் கொடுத்தது கடித்து ருசி பார்த்த இறைச்சியை. வாயில் கொண்டுவந்த நீரால் திருமஞ்சனம். பூசை முறையறிந்த அர்ச்சகர் சிவகோசரியார் அதைக் கண்டு துடித்துப் போனார். ஆனால் இறைவனுக்கு அது எச்சிலாகப் படவில்லை. நல்லதாக இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துக் கொடுத்த அந்த அக்கறையே அங்கே முதல் கரண்டி ஆனது. நாளின் எந்த மணி என்பதைவிட, அந்த மணியில் நாம் முழுசாக இருந்தோமா என்பதே பெரிது. களைத்துப் போன அரை மணி நேரத்தையும் முழு மனத்தோடு கொடுத்தால் அது மிச்சம் என்ற பெயரை இழந்துவிடுகிறது.

கண்ணப்பர் வேடர். அவரைப் போலவே தொழிலோடு வாழ்ந்த இன்னொரு நாயனார் இசைக்காரர்களுக்கு மிக நெருக்கமானவர். ஆனாயர், மழநாட்டுத் திருமங்கலத்தில் மாடு மேய்த்தவர். கார்காலத்தில் ஒருநாள் மேய்ச்சலுக்குப் போன இடத்தில் பூத்துக் குலுங்கும் கொன்றையைக் கண்டார். கொன்றை மாலை சூடிய சிவபெருமானே எதிரில் நிற்பதுபோல் அவருக்குத் தோன்றியது. ஐந்தெழுத்தைக் குழலில் வைத்து வாசித்தார். பசுக்கள் மேய்வதை மறந்தன, கன்றுகள் பால் குடிப்பதை மறந்தன. இறைவன் உமையோடு வந்து நின்றார். அந்தக் குழலுக்கு மூங்கிலை எப்படித் தேர்ந்தெடுப்பது, துளைகளை எப்படி அளந்து இடுவது என்பதையெல்லாம் சேக்கிழார் பொறுமையாக விவரிக்கிறார். பக்திக்குக் கருவியின் நுட்பம் தேவையில்லை என்று அவர் விட்டுவிடவில்லை. அன்பிருந்தால் போதும், சுருதி எப்படி இருந்தாலும் பரவாயில்லை என்கிற சமாதானம் ஆனாயர் கதையில் கிடையாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆனாயர் மாடுகளை விட்டுவிட்டு வழிபடப் போகவில்லை. மேய்ச்சல் நிலமே அவருடைய சந்நிதி. அந்தக் கதையை எழுதிய சேக்கிழாரும் சோழ அரசில் அமைச்சுப் பொறுப்பு வகித்தவர்தான்.

நம் காலத்துக்கு வருவோம். 1964 முதல் 1966 வரை சென்னை மாநில ஆளுநராக இருந்த ஜெயசாமராஜ உடையார், 1919-ல் மைசூர் அரச குடும்பத்தில் பிறந்தவர். மேற்கத்திய இசையை முறையாகக் கற்று, பியானோ வாசிப்பில் தேர்ச்சி பெற்றவர். 1940-ல் சில மாத இடைவெளியில் தந்தையும், அரசராக இருந்த பெரியப்பாவும் மறைய, 21 வயதில் அரியணை ஏற வேண்டி வந்தது. பியானோ மேடைக்குப் போகிற பாதை அங்கேயே நின்றது. ஆனால் இசை நிற்கவில்லை. ரஷ்ய இசையமைப்பாளர் நிகொலாய் மெட்னர் லண்டனில் வறுமையில் வாடியபோது, அவருடைய படைப்புகளை ஒலிப்பதிவு செய்ய உடையார் பொருள் கொடுத்தார். தாமும் கர்நாடக இசையில் ஆழ்ந்து, ஸ்ரீவித்யா முத்திரையோடு 94 கீர்த்தனைகள் இயற்றினார். பெரும்பாலும் அம்பிகையைப் பற்றியவை. தாம் வாசிக்க முடியாமல் போனதற்காக அவர் இசைமேல் கோபித்துக்கொள்ளவில்லை. இன்னொருவர் கையில் அது ஒலிக்க உதவினார். தமக்குத் திறந்திருந்த வேறொரு வாசல் வழியாக உள்ளே போனார். கிடைத்த பொறுப்பைத் தட்டிக்கழிக்காமல் ஏற்பதும் சரணாகதிதான். பறிபோன ஆசையை வேறு உருவில் திருப்பித் தர அருளுக்குத் தெரியும்.

அணு விஞ்ஞானி ராஜா ராமண்ணாவும் இப்படிப்பட்டவர். 1925-ல் தும்கூர் மாவட்டத்தில் பிறந்து, தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் இயற்பியல் படித்தார். 1974-ல் பொக்ரானில் நடந்த அணுச் சோதனைக்குத் தலைமை தாங்கியவர்களில் முதன்மையானவர். 1990-ல் பாதுகாப்புத் துறை இணையமைச்சராகவும் இருந்தார். இத்தனைக்கும் நடுவே சிறுவயதில் பழகிய பியானோவை அவர் கைவிடவே இல்லை. நம் ராக இசையையும் மேற்கத்திய இசையையும் ஒப்பிட்டு ஒரு நூலே எழுதினார். நாட்டின் மிகக் கனமான பொறுப்புகளைச் சுமந்த ஒருவரே ஒரு கருவிக்கு ஆயுள் முழுவதும் உண்மையாக இருந்திருக்கிறார். அதை நினைக்கும்போது, நேரமில்லை என்று நாம் சொல்கிற காரணத்தைக் கொஞ்சம் எடுத்து வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது.

தமிழில் கீர்த்தனை செய்தவர்களிலும் இந்த வழியில் வந்தவர்கள் உண்டு. முன்சீப்பாக இருந்து வழக்குகளைத் தீர்த்த மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1878-ல் சர்வ சமய சமரசக் கீர்த்தனையைத் தந்தார். சென்னை உயர் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்த கோடீஸ்வர ஐயர், 72 மேளகர்த்தா ராகங்கள் ஒவ்வொன்றிலும் முருகன்மேல் தமிழில் கீர்த்தனை செய்தார். அந்த 72-ல் 40 விவாதி மேளங்கள். பாடகர்கள் பலர் பாடத் தயங்கியவை. கச்சேரியில் எடுபடுமா என்று கணக்குப் பார்த்திருந்தால் பாதியைத் தொட்டிருக்க மாட்டார். சம்பளம் நீதிமன்றத்திலிருந்து வந்ததால், முருகனுக்கு 72-ஐயும் முழுசாகக் கொடுக்க முடிந்தது. வயிற்றுப்பாட்டை வேறொரு தொழில் பார்த்துக்கொள்ளும்போது கலைக்கு இப்படி ஒரு விடுதலை கிடைக்கிறது.

இசையையே தொழிலாகக் கொண்டவர்களை இதனால் குறைத்துச் சொன்னதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வாசித்துத்தான் அடுப்பு எரிய வேண்டும் என்ற நிலையிலும் பக்தி குறையாமல் வாசிப்பவர்களின் தவம் பெரிது. அவர்கள் காப்பாற்றித் தந்த இசையைத்தான் மற்றவர்கள் மாலை நேரத்தில் தொட்டுப் பார்க்கிறார்கள். அந்த நன்றி எப்போதும் இருக்க வேண்டும்.

இனி, வீட்டில் பியானோவோ கீபோர்டோ ஆர்மோனியமோ வைத்திருக்கிற ஒருவர் இசையை ஆன்மிகச் சாதனையாக எப்படிக் கைக்கொள்வது?

முதலில், நேரத்தைச் சின்னதாக வைத்துக்கொண்டு, அதை மாற்றாமல் காக்கலாம். தினமும் விளக்கேற்றுகிறவர் நேரம் இருக்கிறதா என்று யோசிப்பதில்லை. இருபது நிமிடமே ஆனாலும் அந்த வேளை வந்ததும் உட்கார்ந்துவிட வேண்டும். தொலைபேசி வேறு அறையில் இருக்கட்டும். அன்றைய அலுவலகச் சண்டையும் அங்கேயே இருக்கட்டும்.

அடுத்து, மெதுவாக வாசிக்க வேண்டும். பியானோ கற்றவர்களுக்கு இது தெரியும். கைக்கு வராத ஒரு சிறு பகுதியை எடுத்து, வலக்கை தனியாக, இடக்கை தனியாக, பிறகு இரண்டும் சேர்த்து, தவறே வராத அளவுக்கு வேகத்தைக் குறைத்து வாசிப்பார்கள். அந்த நிதானத்தில் மனம் ஓடுவதற்கு இடமே இல்லை. எந்த விரல் இறங்குகிறது, எந்த விரல் எழுகிறது என்பது மட்டும் தெரியும். ஜபத்தில் உட்கார்ந்தும் அடங்காத மனம் இங்கே அடங்குவதைப் பலர் உணர்ந்திருப்பார்கள். கட்டையை அழுத்தியதும் உள்ளே சுத்தி போய்க் கம்பியைத் தட்டும். அதன்பின் அந்த ஒலியை நம்மால் வளர்க்கவும் முடியாது, திருத்தவும் முடியாது. அது தானாகத் தேய்ந்து போகும். செய்ததைச் செய்துவிட்டுப் பலனை விட்டுவிடச் சொல்கிற கர்ம யோகத்துக்கு இதைவிட நேரான பயிற்சி கிடைப்பது அரிது.

பிறகு, எல்லையை ஒப்புக்கொள்வது. எட்டு மணி நேரம் சாதகம் செய்கிற ஒருவரின் விரல் போகிற இடத்துக்கு நம் விரல் போகாமலே இருக்கலாம். சில உருப்படிகள் கடைசிவரை கைக்கு வராது. அந்த வருத்தம் உண்மையானது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கோயிலுக்குப் போகிற எல்லோரும் கருவறைக்குள் நுழைந்து பூஜை செய்வதில்லை. கொடிமரத்தடியில் விழுந்து கும்பிட்டுத் திரும்புகிறவருக்கும் தரிசனம் முழுசாகவே கிடைக்கிறது. ஒரு பாட்டை நேர்மையாக, சுரம் பிசகாமல், நேற்றைவிடக் கொஞ்சம் தெளிவாக வாசித்தால் அன்றைக்கு அது போதும்.

இப்படிப் பழகிய மனம் மறுநாள் வேலைக்கும் கூடவே வரும். மெதுவாகக் கேட்கப் பழகிய காது, எதிரில் உட்கார்ந்திருக்கும் நோயாளியின் பேச்சையும் மாணவனின் தயக்கத்தையும் கேட்கும். தன் தவறைத் தானே கேட்டுத் திருத்தப் பழகியவர், கணக்கில் வந்த பிழையையும் பதறாமல் திருத்துவார். வேலை தருகிற சோறு இசையைத் தாங்குகிறது, இசை தருகிற நிதானம் வேலையைத் தாங்குகிறது. வேலை ஒரு பக்கம், இசை ஒரு பக்கம் என்று வாழ்க்கையைப் பிரித்து எடைபோடுகிற கவலை அப்போது தானாகக் குறையும். எதைச் செய்தாலும் செய்கிற மனம் ஒன்றுதான் என்பது அனுபவத்தில் தெரியவரும்.

திருநாதர்குன்றின் துறவிகளைப் போல உடம்பையே கொடுக்க நம்மால் ஆகாது. அந்த உயரத்தை வணங்குவோம். நம்மிடம் கேட்கப்படுவது அதைவிடச் சிறியது, ஆனால் தினமும் கேட்கப்படுவது. பணி ஓய்வு பெற்ற பிறகு, பிள்ளைகள் பெரியவர்களான பிறகு, வீடு கட்டி முடித்த பிறகு என்று தள்ளிப்போட்டுக்கொண்டே போனால் விரல்தான் விறைத்துப் போகும். துணி போர்த்தி ஓரத்தில் வைத்திருக்கும் பெட்டியை இன்றைக்கே எடுங்கள். தூசியைத் துடையுங்கள். தெரிந்த ஒரு பாட்டை மெதுவாக, முழு மனத்தோடு, யாரும் கேட்காவிட்டாலும் ஆண்டவன் கேட்கிறான் என்ற நம்பிக்கையோடு வாசியுங்கள். நாளைக்கும் அதே நேரத்தில் உட்காருங்கள்.