எந்தச் சீந்தில்?

குரோம்பேட்டையில் ஒரு தனியார் மருத்துவமனை. அப்பாவின் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்ததும் டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். 40ஐ ஒட்டி இருக்கவேண்டிய எஸ்.ஜி.பி.டி. 612 காட்டியிருந்தது. குடிப்பழக்கம் உண்டா? கிடையாது. வேறு ஏதாவது மாத்திரை? "பிரஷர் மாத்திரை மட்டும்தான் சார்" என்றார் அப்பா. பக்கத்திலிருந்து அம்மாதான் சொன்னாள்: "காலைல வெறும் வயித்துல அந்தப் பொடி..."

அப்பா மறைக்கவில்லை. அவர் கணக்கில் அது மருந்தே இல்லை, அவ்வளவுதான்.

"என்ன பொடி?"

"சீந்தில் சார். எதிர்ப்பு சக்திக்கு. கொரோனாலேர்ந்து சாப்பிடறேன்."

"எந்தச் சீந்தில்?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் டாக்டரைப் பார்த்தேன். சீந்தில் என்றால் சீந்தில். அதில் எந்த என்று ஒரு கேள்வி இருக்கும் என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். பொடியை உடனே நிறுத்தச் சொன்னார். மிச்சத்தைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கவும் சொன்னார்.

நான் வேலை பார்ப்பது தாம்பரம் சானடோரியத்தில், மெப்ஸ் வளாகத்துக்குள். அதே சானடோரியத்தில்தான் 2005ல் தொடங்கிய தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. காலையில் அங்கே நீளும் வரிசையைப் பல வருடங்களாகப் பார்த்துக்கொண்டே கார்டைத் தேய்த்து ஆபீசுக்குள் போயிருக்கிறேன். ஒருநாளும் எதையும் யோசித்ததில்லை. அன்று இரவுதான் உட்கார்ந்து படித்தேன்.

நம் ஊரில் வேலியிலும் வேப்பமரத்திலும் ஏறிக் கிடக்கும் சீந்தில், டினோஸ்போரா கார்டிஃபோலியா. இதய வடிவ இலை. இதன் உறவுக்காரன் டினோஸ்போரா கிரிஸ்பா. அதற்கும் கிட்டத்தட்ட அதே இலைதான். தண்டில் மட்டும் மரு மருவாக முடிச்சுகள் நிறைய இருக்கும். இரண்டுமே கசக்கும். கொடியாக நிற்கும்போது பழகிய கண் பிரித்துவிடும், காய்ந்த துண்டில் கஷ்டம், பொடியான பிறகு கண்ணால் முடியாது.

2020 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை மும்பையில் ஆறு பேர் கல்லீரல் பாதிப்போடு வந்தார்கள். ஆறு பேரும் சீந்தில் சாப்பிட்டவர்கள். மருத்துவர்கள் அதை ஆய்விதழில் எழுதியபோது ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. அவர்கள் சாப்பிட்டது நிஜமான சீந்தில்தானா என்று சோதித்தீர்களா, கிரிஸ்பாவாக இருக்கலாமே என்பது அமைச்சகத்தின் வாதம். நியாயமான கேள்விதான். ஆனால் 2022ல் இந்தியாவின் 13 மருத்துவ மையங்கள் சேர்ந்து 43 நோயாளிகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டன. அதில் விரல் நீட்டப்பட்டது கார்டிஃபோலியாவை நோக்கியே. உடலே தன் கல்லீரலைத் தாக்கும் வகைப் பாதிப்பை அது சிலருக்குத் தூண்டிவிடுகிறது என்றார்கள்.

என் தொழிலில் இதற்கு இணையான ஒன்று உண்டு. ஒரு கோப்பைத் தரவிறக்கினால் செக்சம் பார்ப்போம். எண் பொருந்தினால், வெளியிட்டவன் அனுப்பிய அதே கோப்புதான் நம் கைக்கு வந்திருக்கிறது. அவன் அனுப்பியது நல்லதா என்று அந்த எண் சொல்லாது. அசல் என்பதும் நல்லது என்பதும் வேறு வேறு. இது தெரிந்த நானே மூலிகை என்றதும் இரண்டையும் ஒன்றாக்கி வைத்திருந்தேன்.

சனிக்கிழமை மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலைக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த நாட்டு மருந்துக் கடை அண்ணாச்சியை எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் வெளிறிப்போனது. "சார் இப்ப எப்படி இருக்காரு?" என்றுதான் முதலில் கேட்டார். பிறகு உள்ளேயிருந்து கையளவு தண்டுத் துண்டுகளை எடுத்து வந்து மேசையில் பரப்பினார்.

"மூட்டைல சீந்தில்னு எழுதி வருது தம்பி. நான் சீந்தில்னு சொல்லிக் குடுக்கறேன். முப்பது வருசமா ஒரே எடத்துலதான் வாங்கறேன். பாரிமுனைப் பக்கம், ராசப்ப செட்டித் தெரு. அவருக்கு மலைலேர்ந்து ஏஜென்ட்டு போடறாரு. ஏஜென்ட்டுக்கு யாரு வெட்டித் தராங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

மீதிப் பணத்தை வாங்கிக்கொள்ளச் சொன்னார். நான் வாங்கவில்லை. அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு முன்னால் இருப்பவரும் அநேகமாகப் பொய் சொல்லியிருக்கமாட்டார். இப்படியே ஒவ்வொருவராகப் பின்னால் போனால், கொடியை வெட்டியவர்கூடத் தன் ஊரில் எதைச் சீந்தில் என்கிறார்களோ அதைத்தான் வெட்டியிருப்பார். எல்லாரும் நேர்மையானவர்கள், சங்கிலியின் இந்த முனையில் 612.

இது நம்மூர்க் கதை மட்டுமில்லை. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் உடல் இளைக்கச் சிகிச்சை எடுத்த பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் கெட்டது. பாதிக்கப்பட்டவர்கள் 100 பேருக்கு மேல். மாத்திரையில் இருக்கவேண்டியது ஸ்டெஃபானியா என்ற சீன மூலிகை, இருந்தது அரிஸ்டோலோக்கியா. சீனப் பெயரில் ஒன்று ஃபாங்ஜி, இன்னொன்று குவாங் ஃபாங்ஜி. குழப்பம் பெயரிலிருந்தே தொடங்கியது.

சரி, சோதித்துவிடலாமே? மேற்குத் தாம்பரத்திலேயே தாவர உடற்கூறியல் ஆய்வு மையம் ஒன்று இருக்கிறது. தென்னிந்தியாவில் மூலிகை பற்றி வந்த எம்.ஃபார்ம். ஆய்வேடுகளைப் புரட்டினால், செடியை அடையாளம் காட்டிய இடம் என்று தாம்பரம் பெயர் திரும்பத் திரும்ப வரும். நான் குடியிருக்கும் ஊருக்கு இப்படி ஒரு பெருமை இருப்பதே எனக்குத் தெரியாது. (நம்ம ஆட்களிடம் தாம்பரம் என்று சொன்னால் ஜி.எஸ்.டி. ரோடு டிராஃபிக்தான் ஞாபகத்துக்கு வரும்.) தண்டைக் குறுக்கே மெல்லியதாகச் சீவிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பது பழைய முறை. பொடியாக இருந்தாலும் மாவுமணிகள், படிகங்கள், நார்கள் ஓரளவு காட்டிக்கொடுக்கும். வேதியியல் முறையில் கிரிஸ்பாவுக்கு உரிய போராபெட்டோசைடு போன்ற சேர்மங்களைத் தேடலாம். டி.என்.ஏ. பார்கோடும் இருக்கிறது.

ஒவ்வொன்றுக்கும் ஒரு குருட்டுப் பக்கம் உண்டு. 2015 பிப்ரவரியில் நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல், ஜி.என்.சி., வால்மார்ட் உள்ளிட்ட நான்கு பெரிய கடைகளின் மூலிகை மாத்திரைகளை டி.என்.ஏ. முறையில் சோதித்து, லேபிளில் உள்ள செடி 21 சதவீதச் சோதனைகளில்தான் கிடைத்தது என்று அறிவித்தார். ஊரே அதிர்ந்தது. ஆனால் சாறு எடுத்துச் சூடாக்கி வடிகட்டிய மாத்திரையில் டி.என்.ஏ. தேறுவது கஷ்டம், அசலும் அதில் போலியாகத் தெரியும் என்று தாவரவியலாளர்களே எதிர்த்தார்கள். கடைசியில் ஜி.என்.சி. ஒப்புக்கொண்டது, பதப்படுத்துவதற்கு முன்னால் மூலப்பொருளைச் சோதிப்பதாக. அதாவது செடி இன்னும் செடியாக இருக்கும்போதே.

அந்தச் சோதனைக்கு முன்னோடியாகப் பேசப்பட்டது கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் 2013ஆம் ஆண்டுக் கட்டுரை. 12 நிறுவனங்கள், 44 பொருட்கள். பிறகு அதன் தரவுகளையே சக விஞ்ஞானிகள் சந்தேகித்துப் பல்கலைக்கழகத்திடம் புகார் கொடுத்தார்கள். 2022ல் விசாரணைக் குழு, முறைகேட்டை நிரூபிக்கப் போதிய சான்றில்லை என்று முடித்தது. போலியைக் கண்டுபிடித்தவரின் அசல்தன்மையை யார் சோதிப்பது?

இன்னொரு சிக்கல் அதற்கும் முந்தையது. நிலவேம்பை எடுத்துக்கொள்ளுங்கள். வடக்கில் சிராயதா என்றால் இமயமலைச் செடி, ஸ்வெர்ஷியா. அங்கே அதற்குப் பதிலாக நம்ம நிலவேம்பைக் கலந்தால் அது கலப்படம். இங்கே நிலவேம்புக் குடிநீரில் அதுதான் நாயகன். ஆயுர்வேத நூல்களில் ஒரு மூலிகை கிடைக்காவிட்டால் பதிலுக்கு எதைப் போடலாம் என்று பட்டியலே உண்டு. கபசுரக் குடிநீரின் 15 சரக்குகளில் வட்டத்திருப்பி வேர் ஒன்று. ஆய்விதழ்களில் அதன் தாவரப் பெயரைத் தேடினால் ஒரு கட்டுரையில் சிடா, இன்னொன்றில் சிஸ்ஸாம்பெலோஸ். இரண்டும் வேறு வேறு குடும்பங்கள். இதில் எது அசல் என்று எந்த இயந்திரத்திடம் கேட்பது? இயந்திரம் முதலில் நம்மைத்தான் கேட்கும்: எதோடு ஒப்பிடட்டும்?

ஆகவே குற்றம் யாருடையதும் இல்லை என்று கையை உதறிவிடலாமா? என்னால் முடியவில்லை. 1877ல் ஆங்கிலேயக் கணிதவியலாளர் கிளிஃபோர்ட் நம்பிக்கையின் அறம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஒரு கப்பல் முதலாளி வருகிறார். கப்பல் பழசு, அவருக்கே சந்தேகம் உண்டு. ஆனால் இத்தனை பயணம் போய் வந்ததுதானே என்று மனதைச் சமாதானப்படுத்தி, நிஜமாகவே நம்பி, புலம்பெயரும் குடும்பங்களை ஏற்றி அனுப்புகிறார். கப்பல் மூழ்குகிறது. அவர் மனதார நம்பினார் என்பது அவரைக் காப்பாற்றாது என்கிறார் கிளிஃபோர்ட். அப்படி நம்ப அவருக்கு உரிமை இல்லை. கப்பல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருந்தாலும் குற்றம் அதே அளவுதான்.

படிக்கும்போது சரி என்றே பட்டது. ஆனால் அண்ணாச்சியைக் கப்பல் முதலாளியாக என்னால் நினைக்க முடியவில்லை. முதலாளியால் கப்பலைப் பழுது பார்த்திருக்க முடியும், சந்தேகத்தை அவர் அமுக்கினார். அண்ணாச்சிக்கு அமுக்குவதற்குச் சந்தேகமே வந்ததில்லை. சங்கிலியில் எல்லாரும் பயணிகளாக இருக்கிறார்கள், முதலாளியைக் காணோம்.

பெர்னார்ட் வில்லியம்ஸ் 2002ல் எழுதிய நூலில் உண்மை சார்ந்த நற்பண்புகளை இரண்டாகப் பிரிக்கிறார். நம்புவதை மறைக்காமல் சொல்வது ஒன்று. நம்புவதற்கு முன் சரியாகத் தெரிந்துகொள்ள மெனக்கெடுவது இன்னொன்று. முதலாவதை நாம் கொண்டாடுகிறோம், "வாயைத் திறந்தா பொய் வராது" என்று மனிதர்களைப் பாராட்டுகிறோம். இரண்டாவதை ஒழுக்கமாகவே எண்ணுவதில்லை, படித்தவன் வேலை என்று விட்டுவிடுகிறோம். வள்ளுவர் வாய்மையை விளையும் தீங்கை வைத்து அளப்பது நினைவுக்கு வருகிறது. அந்தத் தராசில் அண்ணாச்சியின் நேர்மை எவ்வளவு நிற்கும்?

என்னுடையதையும் வைத்துப் பார்க்கலாம். போன வருடம் ஒரு வெளியீட்டுக்கு நான் ஒப்புதல் கொடுத்தேன். உள்ளே யாரோ எழுதிய நூலகம் ஒன்று, ஸ்கேன் ரிப்போர்ட் பச்சை. திறந்துகூடப் பார்க்காமல் 'அப்ரூவ்டு' அழுத்தினேன். நடுராத்திரி அது விழுந்தபோது யாரும் என்னைக் கேட்கவில்லை, ரிப்போர்ட் பச்சையாக இருந்ததே. நானும் பொய் சொல்லவில்லை. மூட்டைல அப்படித்தான் எழுதியிருந்தது.

இதை அப்பாவிடம் சொன்னேன். அவர் தாம்பரம் கார்ஷெட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மின்சார ரயில் பெட்டிகளின் பராமரிப்பு. "நான் ஃபிட்டுன்னு கையெழுத்துப் போட்டா, நான் கீழ குனிஞ்சு பாத்திருக்கேன்னு அர்த்தம்டா. பாக்காம போட்டது கிடையாது."

"அப்புறம் பொடிய மட்டும் எப்படிப்பா பாக்காம சாப்பிட்டீங்க?"

"அண்ணாச்சி குடுத்தது" என்றார். அதற்குமேல் விளக்கம் தேவையில்லை என்பதுபோல.

பொடியை நிறுத்தி ஆறு வாரத்தில் எஸ்.ஜி.பி.டி. 58க்கு இறங்கியது. மிச்சப் பொடியைச் சோதனைக்குக் கொடுக்கலாம் என்றேன். அப்பா வேண்டாம் என்றார். கிரிஸ்பா என்று வந்தால் அண்ணாச்சி உடைந்துபோவார். கார்டிஃபோலியா என்று வந்தால் அப்பாவே உடைந்துபோவார், அது எனக்கு மட்டும் தெரியும். ஆனால் அதே மூட்டையிலிருந்து இன்னும் எத்தனை பேர் வாங்கிப் போயிருப்பார்கள்? இதைக் கேட்டதும் அப்பா பதில் பேசவில்லை. இரண்டு நாள் கழித்து அவரே சண்முகம் சாலைக்குப் போய் வந்தார். அந்தப் பொடி இப்போது மேசைமேல் இல்லையாம். கேட்பவர்களிடம், கல்லீரல் கோளாறு ஏதாவது இருக்கா என்று விசாரித்துவிட்டுத்தான் அண்ணாச்சி உள்ளேயிருந்து எடுத்துத் தருகிறாராம். எனக்கு அது போதாது. அப்பாவுக்கு அது நிறைய.

மூலிகை ஆய்வில் ஒரு வழக்கம் உண்டு. அடையாளம் காட்டிய செடியின் ஒரு கிளையை உலர்த்தித் தாளில் ஒட்டி, எங்கே எப்போது யார் எடுத்தது என்று எழுதி எண் போட்டு வைப்பார்கள். சான்றிதழைவிட எனக்கு அந்தத் தாள்மேல்தான் மரியாதை. நான் சொன்னது தப்பு என்று நாளைக்கு ஒருவன் வந்து நிரூபிக்க வழிவிட்டு வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு துண்டு தனியாக எடுத்து வைங்களேன் என்று அண்ணாச்சியிடம் சொல்லிப் பார்த்தேன். "எடம் எங்க தம்பி இருக்கு?" என்று சிரித்தார்.

போன வாரம் பரணில் எதையோ தேடும்போது அந்த எவர்சில்வர் டப்பா கைக்கு வந்தது. மூடியைச் சுற்றி டேப் ஒட்டியிருந்தது. கார்ஷெட்டில் பழுதான பாகங்களுக்குக் கட்டுவதுபோல ஒரு அட்டையைச் சணலில் கோத்துத் தொங்கவிட்டிருந்தார் அப்பா. கடைப் பெயர், வாங்கிய மாதம், நிறுத்திய தேதி, கடைசியில் கையெழுத்து. எல்லாவற்றுக்கும் மேலே, பொருள் என்ற இடத்தில், "சீந்தில் பொடி (கடைக்காரர் சொன்னபடி)" என்று எழுதியிருந்தது.