துடியும் சில்லும்

பழைய கணினிகளின் ஒலிச் சில்லுகளில் உருவாகும் சிப் இசையை வீட்டில் போட்டுக் காட்டினால் பெரியவர்கள் முதலில் கேட்பது, மூச்சும் விரலும் படாத ஒலியில் உயிர் ஏது என்பதுதான். தட்டிக்கழிக்கக் கூடாத கேள்வி. கூடலூரில் பணியர் பழங்குடியினரின் துடி என்னும் தோற்கருவியையும் குழலையும் கேட்டுப் பழகிய காதுக்கு இசை என்றால் தோலும் மூச்சும். ஆனால் துடியின் தோலும் உயிரற்றதே. கை சொன்னதைத்தான் அது பேசுகிறது. 1982இல் வந்த கமடோர் 64 கணினியின் ஒலிச் சில்லுக்கு மூன்றே குரல்கள். ஒரு குரலில் ஒரு நேரத்தில் ஒரு சுரம். மூன்று சுரங்களை ஒரே குரலில் சேர்த்துக் காட்ட, இசையமைப்பாளர் அவற்றை நொடிக்குப் பல முறை மாற்றி மாற்றி ஒலிக்கவிடுவார். காது அவற்றைக் கூட்டிக்கொள்ளும். அந்தத் தளும்பலில் இருப்பது மனித யோசனை.

துடிக்காரர் கூட்டத்தின் முகம் பார்த்து அடியை மாற்றுவார், சில்லு அப்படி மாற்றாது என்பார்கள். உண்மை, அந்த உடனிருப்பு சில்லுக்கு இல்லை. ஆனால் எழுதியவர் எதிரில் இல்லை என்பதற்காக ஏட்டுப் பாட்டு செத்துவிடுவதில்லை. நடராசர் கைத் துடியைச் சைவம் படைப்பின் குறியாகக் கொள்கிறது. அங்கே பொருள் தோலில் இல்லை, நாதத்தில். சிப் இசையிலும் கருவியைவிட நாதமே முக்கியம். எனவே புதியவருக்கு முழுப் பாட்டையும் கொட்டாமல், ஒரு குரலை மட்டும் கேட்கவிட வேண்டும். பிறகு இரண்டாவது. மூன்றாவது சேரும்போது விளக்கத்தை நிறுத்திவிடலாம்.