பிறவாதோரின் பங்கு

ஒருவர் மரணிக்கும்போது அவர் மனைவி கருவுற்றிருந்தால், அச்சிசுவின் பங்கை ஒதுக்கி வைத்தே சொத்தைப் பிரிப்பர். கருவிலும் உருவாகாதோர்க்கு மீராஸில் பங்கில்லை. ஆனால் வக்ஃபில் உண்டு. சந்ததிகளுக்கென வக்ஃபு செய்யப்பட்ட தோப்பின் கனிகளை இன்றுள்ளோர் உண்ணலாம்; தோப்பை விற்றுத் தின்னலாகாது. ஆறும் ஏரியும் இவ்வகையைச் சேர்ந்தவை என்பதே நம் கருத்து.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தை நோக்குவோம். அடையாற்றின் தலைநீர் இப்பகுதி ஏரிகளில்தான் திரள்கிறது. அருகிலேயே, 3,645 மில்லியன் கன அடி கொள்ளும் செம்பரம்பாக்கம் ஏரி சென்னைக்குக் குடிநீர் தருகிறது. 1990களுக்குப் பின் மோட்டார் ஆலைகள் வந்தன. பல குடும்பங்களில் அடுப்பெரிந்தது. அதை நாம் குறை கூறோம். ஆயினும் ஆலையும் குடியிருப்பும் பெருகினால் கழிவுநீரும் பெருகும். கழிவு கலந்த நீரில் கிருமிகள் பல்கிப் பிராணவாயுவைத் தீர்த்துவிடுகின்றன. "ஏரியில் இன்னும் மீன் இருக்கிறதே" என்பர் சிலர். விராலும் குரவையும் நீர்மேல் வந்து காற்றைச் சுவாசித்துப் பிழைக்கும். கெண்டைக்கு அவ்வசதி இல்லை. எந்த மீன் எஞ்சியது என்றல்லவா கேட்க வேண்டும்!

விரால் தன் குஞ்சுகளைக் காக்கும் மீன். செந்நிறக் குஞ்சுக் கூட்டம் மேலே திரிய, பெற்ற மீன் கீழே காவலிருக்கும். அக்கூட்டமே தூண்டில்காரனுக்கு அடையாளம். காவலைப் பிடித்துவிட்டால் குஞ்சுகள் பிற மீன்களுக்கு இரை. மீன்பாசிக் குத்தகை எடுத்தவரோ தம் தவணைக்குள் வாரவே பார்ப்பார். கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. வருவாய் குறைந்த மீனவர் காட்டும் இப்பொறுமை வசதியுள்ளோர்க்கு ஏன் அரிதாயிற்று?

இனி நம் வீட்டுக் கணக்கு. ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் சென்றால் பாலாறு. அதன் மேற்பகுதியில் வாணியம்பாடி, ஆம்பூர்த் தோல் தொழிலில் நம்மவர் பங்கு பெரிது. அவ்வருவாயில் எழுந்த கல்விச்சாலைகளும் பல. அத்தோல் கழிவால் ஆறும் கிணறும் கெட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று, கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டுமென உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 ஜனவரியிலும் அதே ஆற்றுக்காக மீண்டும் உத்தரவிட நேர்ந்தது.

சதகா கொடுத்து இதை நேர் செய்துவிடலாமா? பிறர் ஹக்கைப் பறித்தவர் அதைத் திருப்பித் தர வேண்டும், அல்லது உரியவரிடமே மன்னிப்புப் பெற வேண்டும் என்றே நாம் ஓதியிருக்கிறோம். பிறவாதவரிடம் மன்னிப்புக் கேட்க வழியில்லை. ஆற்றைத் திருப்பித் தருவது ஒன்றே எஞ்சுகிறது.