திரும்பி வரும் வழி

மும்பைக்குச் சுற்றுலா செல்லும் பெண்கள் எங்கே தங்குவது என்று யோசிக்கும்போது கேள்வி எளிதாகத்தான் தொடங்குகிறது: புறநகரில் ஜுஹு கடற்கரையா, நகரின் தென்பகுதியில் சர்ச்கேட் பக்கமா? சற்று நேரத்தில் கடலும் கட்டடங்களும் பின்னுக்குப் போய்விடுகின்றன. இரவு பத்து மணிக்கு மேல் எப்படித் திரும்புவது, தெருவில் ஆள் நடமாட்டம் இருக்குமா என்ற கணக்கு முன்னுக்கு வருகிறது. உடன் வரும் ஆண்கள் பெரும்பாலும் போடாத கணக்கு இது.

ஜுஹுவுக்கு மின்ரயிலில் போனால் விலே பார்லேயிலோ சாந்தாகுரூஸிலோ இறங்கி ஆட்டோ பிடிக்க வேண்டும். சர்ச்கேட் நிலையத்திலிருந்து மரைன் டிரைவுக்கு நடந்தே போகலாம்; இரவிலும் அங்கே கூட்டம் இருக்கும். இதற்காக ஒருத்தி நகரத்தைத் தேர்ந்தெடுத்தால் அதில் கோழைத்தனம் ஏதுமில்லை. ஆனால் அதைச் சுதந்திரமான தேர்வு என்று சொல்லிவிட முடியுமா?

ஷில்பா ஃபட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே ஆகிய மூவரும் மும்பைப் பெண்களைப் பற்றி எழுதி 2011இல் வெளிவந்த ‘ஒய் லாய்ட்டர்?’ நூல் இந்தக் கேள்வியைத்தான் விரிவாக எழுப்புகிறது. பெண்களுக்குப் பாதுகாப்பு மட்டும் போதாது. வேலை எதுவும் இல்லாமல் பொதுவெளியில் சும்மா இருக்கவும், அதற்கான அபாயத்தைத் தாங்களே முடிவுசெய்து ஏற்கவும் உரிமை வேண்டும் என்பது அதன் வாதம்.

விடுமுறை என்பதும் சும்மா இருப்பதுதானே. கூடுதல் வாடகையும் டாக்சிக் கட்டணமும் கொடுக்க முடிந்தவளுக்கு மட்டும் அது கிடைக்கிறது என்றால், நாம் வாங்குவது உரிமையை அல்ல, விலக்கை. கடற்கரையில் கடை கட்டிவிட்டுக் கடைசி ரயிலுக்கு ஓடுகிறவளுக்கு அந்த விலக்கும் இல்லை. எந்த அறையை எடுத்தாலும் இதை மறக்காமல் எடுப்போம்.