எச்சரித்தால் கடமை தீருமா?

ஐப்பசி பிறந்து வாடைக்காற்று வீசத் தொடங்கியதும் கிழக்கிலங்கையில் ஆண்டுதோறும் ஒரே வகையான அறிவுரைகள் ஒலிக்கின்றன. கடலுக்குச் செல்லாதீர்கள், தாழ்நிலங்களை விட்டு அகலுங்கள், உணவும் குடிநீரும் சேமித்து வையுங்கள். அறிவுரை நல்லதே, அதை அலட்சியம் செய்யுமாறு எவரும் கூறமாட்டார். ஆயின், புயல் ஓய்ந்து இறந்தோரை எண்ணும் வேளையில் இன்னொரு குரலும் எழுவதுண்டு: “முன்கூட்டியே சொன்னோமே, அவர்கள் கேட்கவில்லையே!” இக்குரலில் ஓர் அறக்கோட்பாடு மறைந்திருக்கிறது. எச்சரிப்பது அறிந்தோர் கடமை, தப்பிக்கொள்வது அவரவர் கடமை, எச்சரித்த கணத்திலேயே அறிந்தோரின் பொறுப்பு முடிந்துவிடுகிறது என்பதே அக்கோட்பாடு. இது சரிதானா என்பதையே நாம் இங்கு ஆராய விரும்புகிறோம்.

அறத்தை வெறும் வெளியில் வைத்து ஆராய முடியாது. ஆதலால் மட்டக்களப்பு வாவியின் கரைகளிலிருந்தே தொடங்குவோம். வடக்குத் தெற்காகச் சுமார் 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இவ்வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணல்நிலம் எழுவான்கரை. வாவிக்கு மேற்கே வயலும் காடும் குளமுமாக விரிந்து கிடப்பது படுவான்கரை. எழுவான்கரையில் வாழ்பவனுக்கு முன்னால் கடல், பின்னால் வாவி. படுவான்கரையிலோ உன்னிச்சை, உறுகாமம், நவகிரி முதலிய குளங்கள் நிரம்பி வழியும்போது ஊர்கள் தீவுகளாகின்றன. நெடுங்காலமாக இரு கரைகளையும் இணைத்து வந்தது, அங்குள்ளோர் ‘பாதை’ என வழங்கும் மிதவையே. மண்முனையில் பாலம் திறக்கப்பட்டது 2014இல்தான். காற்று மிகுந்தால் பாதை ஓடாது. பாதை நின்றால் நோயாளிக்கு வைத்தியசாலை இல்லை.

வங்கக் கடலில் நவம்பர், திசம்பர் மாதங்களில் புயல் தோன்றுவது தெய்வக் குற்றத்தால் அன்று. வெப்பமுற்ற கடலிலிருந்து எழும் நீராவி மேலே குளிர்ந்து மழையாகும்போது வெளிவிடும் வெப்பமே புயலுக்கு ஊட்டம். பூமியின் சுழற்சி அக்காற்றைச் சுழலச் செய்கிறது. சுழலும் காற்று கடல்நீரைக் கரையை நோக்கித் தள்ளுகிறது. இவை அனைத்தும் விஞ்ஞானம் விளக்கிவிட்ட செய்திகள். இன்று ஒரு புயல் பிறந்து கரை சேருமுன் அதன் போக்கைப் பெரும்பாலும் நாட்கணக்கில் முன்னறிய முடிகிறது.

1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பைத் தாக்கிய புயலை அப்பகுதியின் முதியோர் இன்றும் மறக்கவில்லை. மணிக்கு 200 கிலோமீற்றரையும் விஞ்சிய காற்று மாவட்டத்தின் தென்னந்தோட்டங்களில் பெரும்பகுதியை ஓரிரவில் வீழ்த்தியது. தொள்ளாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் பாதிப்புற்றனர். இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகள் சேதமுற்றன. காற்றுக்கு மாளிகை என்றும் குடிசை என்றும் வேற்றுமை தெரியாது என்பர். காற்றுக்குத் தெரியாது என்பது உண்மையே. ஆனால் சுவருக்குத் தெரியும். கல்லும் சீமெந்தும் கொண்டு எழுப்பிய வீடு ஓடுகளை இழந்து நிற்கும். களிமண் சுவரும் கிடுகுக் கூரையுமான குடிசை நின்ற இடம் தெரியாது போகும்.

இத்தகைய அழிவுக்கு விதியைக் காரணம் காட்டுவது பழைய வழக்கம். ஐரோப்பாவிலும் அவ்வழக்கம் இருந்தது. 1755 நவம்பர் 1ஆம் திகதி நிலநடுக்கமும் கடற்பெருக்கும் தீயும் லிஸ்பன் நகரை அழித்தபோது, நடப்பதெல்லாம் நன்மைக்கே என்ற தத்துவத்தை வோல்தேர் தம் கவிதையால் சாடினார். 1756இல் ரூசோ அவருக்கு எழுதிய கடிதத்தில் வேறொரு வினாவைக் கிளப்பினார். ஆறு மாடி, ஏழு மாடி வீடுகளை நெருக்கமாகக் கட்டியது இயற்கையா, மனிதனா என்பதே அது. அழிவின் காரணத்தை வானத்திலிருந்து இறக்கி மனித சமூகத்தின் நடுவே வைத்த பெருமை அவ்வினாவுக்கு உண்டு. ஆனால், உடைமைகளை எடுக்கப் போய் உயிரிழந்தோரைப் பற்றியும் ரூசோ அக்கடிதத்தில் குறிப்பிடுகிறார். பொருளாசை அவர்களைக் கொன்றது என்பது அவர் கருத்து. இவ்விடத்தில் நாம் அவரோடு முற்றும் உடன்பட முடியவில்லை. காரணத்தைக் கீழே கூறுவோம்.

விதியை மறுப்போர் பலரும் அடுத்துச் சென்று சேருமிடம் தனிமனித முன்யோசனை. மூன்று மீன்களின் கதையை நம் பாலர் வகுப்புகளில் சொல்லிக்கொடுக்கிறோம். ஆபத்து வருமுன்பே வேறு நீர்நிலைக்குப் போய்விட்ட மீன் பிழைத்தது. வருவது வரட்டும் என்று கிடந்த மீன் வலையில் மாண்டது. இக்கதை புகட்டும் பாடத்தை நாம் இகழவில்லை. மாரிகாலம் தொடங்குமுன் கூரையைக் கயிற்றால் இறுக்கிக் கட்டுதல், வீட்டின்மேல் சாய்ந்த கிளைகளை வெட்டுதல், அடையாள அட்டையையும் காணி உறுதியையும் நீர் புகாத உறையில் இடுதல், உலர் உணவு, குடிநீர், மருந்து, கைவிளக்கு ஆகியவற்றை ஒரே பையில் ஆயத்தமாக வைத்தல் இவையெல்லாம் ஒவ்வொரு குடும்பமும் செய்யத்தக்கவை. வள்ளத்தைக் கரையேற்றிக் கட்ட வேண்டும். ஓடும் வெள்ளத்தில் இறங்கிக் கடக்கலாகாது. வெள்ளம் புகுந்த கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்யாமல் நீர் பருகலாகாது. இவற்றினும் முக்கியமான அறிவு ஒன்றுண்டு. புயலின் கண் தலைக்குமேல் கடக்கும்போது காற்று திடீரென ஓய்கிறது. வானமும் சிறிது தெளியலாம். புயல் தீர்ந்தது என்று மக்கள் வெளியே வருகிறார்கள். சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தோடு காற்று மீண்டும் தாக்குகிறது. இந்த அறிவு ஒருவரிடம் இல்லாமற் போனால் அது அவர் குற்றமா, அவருக்குக் கற்பிக்காதோர் குற்றமா?

மீன் கதையில் நாம் பொதுவாகக் கவனிக்காத செய்தி ஒன்றும் உண்டு. முதல் மீன் பிழைத்தது அறிவால் மட்டுமன்று. அக்குளத்திலிருந்து வெளியேற ஒரு வாய்க்கால் இருந்தது. வாய்க்கால் இல்லாத குளத்தில் முன்யோசனையுள்ள மீனும் மற்றவற்றோடு சேர்ந்தே மாளும். வாவிக்கரை மீனவன் ஒருவனை எண்ணிப்பாருங்கள். அவனது வலை கடன்பட்டு வாங்கியது. புயலில் வலையும் தோணியும் போனால் கடன் மாத்திரம் எஞ்சும். அவற்றைக் காவல் செய்ய அவன் கரையிலேயே தங்குவது அறியாமையாலும் அன்று, பொருளாசையாலும் அன்று. உயிருக்கு நேரக்கூடிய ஓர் ஆபத்தையும், வாழ்வுக்கு நேரப்போகும் உறுதியான ஓர் அழிவையும் அவன் எடைபோடுகிறான். ரூசோவோடு நாம் மாறுபடுவது இங்கேதான். இருப்பவன் தன் நகையைத் தேடிப் போவதும் இல்லாதவன் தன் வலையைக் காக்க நிற்பதும் ஒன்றல்ல. மாடு இரண்டே சொத்தாயுள்ள விதவைக்கும், படுக்கையில் கிடக்கும் தந்தையைத் தூக்கிச் செல்ல ஆளில்லாத மகளுக்கும், “விலகிப் போங்கள்” என்ற சொல் கட்டளையாகக் கேட்கிறதேயன்றி உதவியாகக் கேட்பதில்லை.

நாம் கூறுவது வெறும் இரக்கப் பேச்சன்று என்பதற்கு இதே வங்கக் கடலின் வடகரை சான்று தருகிறது. 1970 நவம்பரில் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானைத் தாக்கிய புயலில் குறைந்தது மூன்று இலட்சம் பேர் மாண்டனர். வங்காளதேசம் பிறந்தபின் 1972இல் தொண்டர்களைக் கொண்டு எச்சரிக்கை பரப்பும் அமைப்பு உருவாக்கப்பட்டது. எனினும் 1991 ஏப்ரலில் வந்த புயல் ஏறத்தாழ 1,38,000 பேரைக் கொண்டுபோயிற்று. எச்சரிக்கை இருந்தது, ஏறி நிற்க உயர்ந்த கட்டடங்கள் போதவில்லை. வீட்டையும் கால்நடையையும் விட்டுப்போக அஞ்சியோரும் பலர். இந்த அனுபவத்தின் பின் கரையோரம் எங்கும் புகலிடங்கள் பெருகின. பல புகலிடங்களில் கால்நடைக்கும் இடம் ஒதுக்கப்பட்டது. 2007இல் வந்த கடும் புயலில் அரசுக் கணக்கின்படி இறந்தோர் சுமார் 3,400 பேர். 2020 மே மாதப் புயலின்போது இருபது இலட்சத்துக்கு மேற்பட்டோர் முன்கூட்டியே அகற்றப்பட்டனர். இறந்தோர் தொகை சில பத்துகளில் நின்றது. ஒடிசாவிலும் இதுவே வரலாறு. 1999இல் அங்கு ஏறத்தாழப் பதினாயிரம் பேர் இறந்தனர். 2013இல் வந்த புயலில் இறந்தோர் ஐம்பது பேர் அளவே. எல்லாப் புயலும் ஒரே வலிமையின அல்லவெனினும், இவ்வளவு பெரிய வேற்றுமையைக் காற்றின் வேகத்தால் மட்டும் விளக்க முடியாது. மக்கள் ஏழைகளாகவே இருந்தனர். ஆயின் எச்சரிக்கைக்குப் பின்னால் ஒரு வண்டியும், ஒரு கூரையும், கைகொடுக்கும் அயலாரும் நின்றனர்.

இதற்கு மறுப்புக் கூறுவோர் உண்டு. எல்லா வசதியும் செய்துகொடுத்த பின்பும் ஒருவர் போக மறுத்தால் என் செய்வது, பலவந்தமாக இழுத்துச் செல்வதா என்று அவர்கள் வினவுவர். நியாயமான வினாவே. தன் உயிரைப்பற்றித் தானே முடிவு செய்யும் உரிமை மனிதனுக்கு உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் போகவும் இருக்கவும் இரண்டுக்கும் உண்மையான வழி உள்ளவனுக்கே அவ்வுரிமை பொருளுடையதாகும். அத்தகைய வழி திறந்திருந்தும் ஒருவர் இருந்துவிட்டால் அதன் பொறுப்பில் ஒரு பங்கு அவரைச் சாரும்; குழந்தைகளையும் நோயாளரையும் தம்மோடு நிறுத்திவைக்கும் உரிமை அப்பொழுதும் அவருக்கில்லை. வழியைத் திறவாமலே பொறுப்பை மட்டும் அவர் தலையில் சுமத்துவோர் சுதந்திரத்தின் பெயரால் தம் கடமையிலிருந்து தப்பியோடுகின்றனர்.

இவ்வாறாயின் எல்லாம் அரசின் பொறுப்பா? இலங்கையில் 2004 திசம்பர் 26ஆம் திகதிக் கடல்கோளின் பின், 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் இயற்றப்பட்டது. அதற்கென நிலையமும் அமைந்தது. கடமையை அரசு சட்டத்தில் ஏற்றுக்கொண்டுள்ளது என்பதே இதன் பொருள். அதைக் கேட்டுப் பெறுவது மக்களின் உரிமை. எச்சரிக்கை அவரவர் தாய்மொழியில் உரிய நேரத்தில் வர வேண்டும் என்பதும், இழந்த வலைக்கும் வள்ளத்துக்கும் ஈடு கிடைக்கும் என்ற உறுதி புயலுக்கு முன்பே வேண்டும் என்பதும் அவ்வுரிமையில் அடங்கும். அரசுக்கு அப்பால் ஊருக்கும் கடமையுண்டு. கல்வீடு உடையவர் தம் கதவைத் திறக்கும்போது யார் என்று கேட்டுத் திறப்பாராயின், அவ்வீடும் அறத்தின் முன் இடிந்த வீடே. தமிழூரும் முஸ்லிம் ஊரும் அடுத்தடுத்து அமைந்த கரை இது. கோயில், பள்ளிவாசல், தேவாலயம், பாடசாலை ஆகிய எதுவும் புயலிரவில் சாதியும் சமயமும் பார்க்கலாகாது.

ஒருவரின் பாதுகாப்பு மற்றவரின் இழப்பாகும் நிலையும் உண்டு. வாவியில் வெள்ளம் பெருகும்போது முகத்துவாரத்து மணல்மேட்டை வெட்டினால் நீர் கடலுக்கு வடியும்; மாரிப்போக வயல்களும் தாழ்ந்த ஊர்களும் தப்பும். ஆனால் வாவியின் நீர்மட்டமும் உவர்ப்பும் மாற, அதையே நம்பி வாழும் மீனவரின் பிழைப்பும் மாறக்கூடும். ஒரு சாராரைக் கேளாமல் செய்யும் முடிவு, நன்மை பயப்பினும் நீதியாகாது. இருசாராரும் அமர்ந்து முடிவு செய்தலும், பொதுநன்மைக்காக இழந்தவரின் இழப்பைப் பொதுவில் ஏற்றலும் வேண்டும்.

2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ புயல் கிழக்குக் கரையில் ஏறி நாட்டை ஊடறுத்துச் சென்றபோது 600க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். மலைநாட்டு மண்சரிவுகளில் மாண்டோர் பலர். செங்குத்தான சரிவின் அடியில் வாழும் தோட்டத் தொழிலாளி அவ்விடத்தைத் தேர்ந்தெடுத்தவன் அல்லன். அவனுக்குச் சொந்தக் காணி இல்லை. புயலுக்கு ஆயத்தம் செய்தல் என்பது காணி, வீடு, கூலி ஆகிய வினாக்களிலேயே தொடங்குகிறது.

ஆசிரியர்களும் மாணவர்களும் செய்யக்கூடியது யாது? அடுத்த ஐப்பசிக்கு முன் தத்தம் ஊரில் தனித்து வாழும் முதியோர், நடக்க இயலாதோர், கர்ப்பிணிகள், கிடுகு வீடுகள் ஆகியவற்றின் கணக்கை மாணவரே எடுக்கலாம். ஒவ்வொருவரையும் அழைத்துவர இன்னார் பொறுப்பு என்று கிராம சேவகரோடு சேர்ந்து வகுத்துக்கொள்ளலாம். புகலிடமாகப் போகும் பாடசாலையின் கூரை உறுதியானதா, பெண்களுக்குத் தனி மலசலகூடம் உண்டா, கிணறு வெள்ளமட்டத்துக்கு மேலுள்ளதா என்று பார்க்கலாம். இல்லையெனில் அதைக் கேட்டுப் போராடலாம். புயலின் கண்ணைப் பற்றிப் புவியியல் வகுப்பில் கற்பிப்பதோடு நின்றுவிடாமல் மீன்வாடியிலும் சந்தையிலும் விளக்கலாம்.

“சொன்னோமே” என்பது சொன்னவரின் மனச்சாட்சிக்கு ஆறுதல் தரலாம். கேட்டவர் எழுந்து நடக்க வழியிருந்ததா என்று தேடிப் பார்க்கும்வரை எவருடைய கடமையும் தீர்ந்ததாக நாம் கருதவில்லை.